எக்கோவில் கார்டியோமயோபதி என்று வந்தால்: இதயத் தசை நோயின் வகைகளும் காரணங்களும்

38 வயதான உங்கள் அண்ணனுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஞ்சியோகிராமில் அடைப்பு எதுவும் இல்லை. எக்கோ அறிக்கையில் மட்டும் 'டைலேட்டட் கார்டியோமயோபதி, எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 30 சதவீதம்' என்று எழுதியிருக்கிறார்கள். இது என்ன நோய், இதில் எத்தனை வகை, எதனால் வருகிறது, குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதயநோய்ப் பிரிவில் நெடுங்காலமாக எக்கோ பார்த்துவருபவன் நான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த அறிக்கையில் இருப்பது பாதி நோயறிதல்தான். இடது கீழறை விரிந்திருக்கிறது, சுருங்கும் வலு குறைந்திருக்கிறது என்ற அளவுக்குத்தான் அது சொல்கிறது. ஏன் அப்படி ஆனது என்பதை இனிமேல்தான் தேட வேண்டும். பல குடும்பங்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. பெயர் கிடைத்துவிட்டது, மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அதோடு முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரே மாதிரி விரிந்து தளர்ந்த இரண்டு இதயங்களில் ஒன்று ஆறு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதாக இருக்கும். மற்றொன்று திடீர் மரண ஆபத்து உள்ளதாக இருக்கும். படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு, அதனால் தசை சாகிறது. கார்டியோமயோபதியில் கோளாறு தசையிலேயே இருக்கிறது. ரத்தக் குழாய் அடைப்பு, வால்வு கோளாறு, உயர் ரத்த அழுத்தம், பிறவிக் குறைபாடு ஆகியவற்றால் விளக்க முடியாத அளவுக்குத் தசையின் அமைப்போ செயலோ கெட்டிருந்தால்தான் இந்தப் பெயரைக் கொடுக்கிறோம். ஆஞ்சியோகிராம் நார்மல் என்றதும் 'இதயத்தில் ஒன்றும் இல்லை' என்று நிம்மதியாக வீடு திரும்புபவர்கள் உண்டு. அந்தப் பரிசோதனை குழாய்களை மட்டும் காட்டுகிறது. தசையின் நலத்தைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. (சில அறிக்கைகளில் 'இஸ்கிமிக் கார்டியோமயோபதி' என்று பார்ப்பீர்கள். அடைப்பினால் பலவீனமான இதயத்துக்கு மருத்துவமனைகளில் வழங்கும் பெயர் அது. இப்போது நாம் பேசும் நோய்க் குடும்பத்தில் அது சேராது.)

வகைகள் என்று பார்த்தால், 2023இல் வெளிவந்த ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் வழிகாட்டுதல் ஐந்தாகப் பிரிக்கிறது: தசை தடித்துப்போவது, அறை விரிந்துபோவது, அறை விரியாமலே தசையில் வடு விழுவது அல்லது வலுக் குறைவது, இதயத் துடிப்பைக் குலைப்பது, தசை விறைத்துப்போவது. இது இதயத்தின் தோற்றத்தை வைத்துச் செய்த பிரிவு. அமெரிக்க இதயச் சங்கம் 2006இல் வேறு வழியில் போனது: மரபணுவால் வருபவை, பின்னால் வந்து சேர்பவை, இரண்டும் கலந்தவை, உடலின் வேறு நோய்களால் இதயத்தைத் தாக்குபவை. என் அனுபவத்தில் நோயாளிக்கு இரண்டும் தேவை. தோற்றம் இன்றைய சிகிச்சையைத் தீர்மானிக்கிறது; காரணம் அவரது எதிர்காலத்தையும் குடும்பத்தின் எதிர்காலத்தையும் தீர்மானிக்கிறது.

உங்கள் அண்ணனுக்கு வந்திருக்கும் விரிவடைந்த வகையிலிருந்தே தொடங்குகிறேன்.

எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்பது, நிரம்பிய ரத்தத்தில் இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் பங்கு. அதற்கு எழுதியிருக்கும் 30 சதவீதம் என்ற எண் உங்களைப் பயமுறுத்தியிருக்கும். இதயத்தில் 70 சதவீதம் செத்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. எந்த இதயமும் தன்னிடம் நிரம்பிய ரத்தம் முழுவதையும் வெளியே தள்ளுவதில்லை. நல்ல இதயத்தின் இடது கீழறையில் சுமார் 120 மில்லிலிட்டர் நிரம்பும். ஒரு துடிப்பில் 70 மில்லிலிட்டர் வெளியேறும். அதாவது 58 சதவீதம். ஆரோக்கியமான அளவே ஏறக்குறைய 55 முதல் 70 வரைதான். விரிந்த இதயத்தில் 200 மில்லிலிட்டர் நிரம்பி 60 வெளியேறினால் அது 30 சதவீதம். கவனியுங்கள்: வெளியேறும் ரத்தத்தின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வலு குறைந்த தசை தன்னை விரித்துக்கொண்டு ஈடுகட்டுகிறது. அதனால்தான் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாமல், மாடி ஏறும்போது மூச்சு முட்டுகிறது. இந்த ஈடுகட்டல் நெடுநாள் நிலைக்காது. ரத்த ஓட்டம் குறைகிறது என்று உணரும் உடல் அட்ரினலினையும், சிறுநீரகம் வழியாக உப்பையும் நீரையும் தேக்கும் ஹார்மோன்களையும் கூட்டுகிறது. தளர்ந்த இதயத்தின் மேல் இவை இன்னும் பாரத்தை ஏற்றுகின்றன. கால் வீங்குவதும், படுத்தால் மூச்சடைத்து எழுந்து உட்கார வேண்டியிருப்பதும் இந்த நிலையில்தான்.

இனி காரணம். விரிவடைந்த வகைக்கு இருக்கும் அளவு காரணங்கள் வேறெந்த வகைக்கும் இல்லை. மரபணுவை முதலில் சொல்ல வேண்டும். காரணம் தெரியவில்லை என்று முன்பு ஒதுக்கிவைத்த நோயாளிகளில் கணிசமானவர்களுக்குக் குடும்ப வழியில் வந்திருப்பது இப்போது தெரிந்துவிட்டது. மனித உடலின் மிகப் பெரிய புரதமான டைட்டினை உருவாக்கும் மரபணு பாதியில் அறுபட்டிருப்பது, இந்த நோயாளிகளில் ஏறக்குறைய 15 முதல் 25 சதவீதத்தினரிடம் காணப்படுகிறது. தசை நார் இழுபட்டு மீளும் தன்மை டைட்டினைச் சார்ந்தது. லேமின் என்ற இன்னொரு மரபணு இருக்கிறது. அதில் கோளாறு இருந்தால் இதயம் பெரிதாக விரிவதற்கு முன்பே துடிப்பின் மின்பாதை தடைபடலாம், ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் வரலாம். அப்படிப்பட்டவருக்கு, பம்ப் வலு ஓரளவு நன்றாக இருக்கும்போதே ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் அதிர்வுக் கருவியை நெஞ்சில் பொருத்துவதைப் பற்றி யோசிப்போம். 'காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

மரபணு மாற்றம் இருந்தாலே நோய் வந்துவிடும் என்றும் இல்லை. டைட்டின் மாற்றம் உள்ளவர்களில் பலர் நோயே இல்லாமல் வாழ்கிறார்கள். அதன் மேல் இன்னொரு சுமை விழும்போது இதயம் தடுமாறுகிறது. மிதமிஞ்சிய மது, புற்றுநோய் மருந்து, பிரசவம் ஆகியவற்றால் இதயம் பலவீனமானவர்களைப் பரிசோதித்தபோது, பொது மக்களைவிட அவர்களிடம் டைட்டின் மாற்றம் அதிகமாக இருப்பது தெரிய வந்தது. ஆகவே 'குடித்ததால் வந்தது', 'பிரசவத்தால் வந்தது' என்று எழுதி மூடிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே அளவு குடித்த இன்னொருவருக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியையும் கேட்க வேண்டும்.

வைரஸ் அடுத்தது. காக்சாக்கி பி, அடினோ, பார்வோ பி19 போன்ற வைரஸ்கள் இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கலாம். பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு வைரஸ் போன பிறகும் அழற்சி அடங்காமல், மாதங்கள் கழித்து இதயம் விரிந்த நிலையில் வந்து நிற்கிறார்கள். லத்தீன் அமெரிக்காவில் ஓர் ஒட்டுண்ணி இதே வேலையைச் செய்கிறது. ரத்தம் உறிஞ்சும் ஒரு வகைப் பூச்சியின் வழியாகப் பரவும் அந்த நோயைப் பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் 1909இல் விவரித்தார். தொற்று ஏற்பட்டுப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்துத்தான் இதயம் கெடத் தொடங்கும் என்பது அதன் கொடுமை.

மதுவைப் பற்றிக் கேட்டால் பலர் மழுப்புகிறார்கள். ஒரு நாளைக்கு 80 கிராமுக்கு மேல் தூய ஆல்கஹால், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் என்பது இதயத் தசையைக் கெடுக்கும் அளவாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இந்தக் கேள்வியை யாரையும் குற்றவாளி ஆக்குவதற்காகக் கேட்பதில்லை. மதுவை அறவே நிறுத்தினால் கணிசமாக மீளக்கூடிய இதயம் இது. உண்மையைச் சொன்னால் லாபம் நோயாளிக்குத்தான். நச்சுப் பொருள்கள் எவ்வளவு எதிர்பாராத வழியில் வரும் என்பதற்குக் கனடாவின் கியூபெக் நகரில் 1960களின் நடுவில் நடந்தது ஒரு சான்று. பீரில் நுரை நிலைத்து நிற்பதற்காகக் கோபால்ட் உப்பைச் சேர்த்தார்கள். அதிகம் குடித்தவர்களின் இதயங்கள் மளமளவென்று செயலிழந்தன, பலர் இறந்தார்கள். கோபால்ட்டை நிறுத்தியதும் புதிய நோயாளிகள் வருவது நின்றது. இதற்கு நேர்மாறாக, இருக்க வேண்டியது இல்லாமல் போவதாலும் தசை கெடும். சீனாவின் கெஷான் பகுதியில் மண்ணில் செலினியம் குறைவு. அங்கே குழந்தைகளையும் இளம் பெண்களையும் தாக்கிய இதயத் தசை நோய் அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைவு, கடுமையான கால்சியம் குறைவு, தைராய்டு கோளாறு, உடலில் இரும்பு மிகுதியாகச் சேர்வது ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். இவை எல்லாவற்றையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் அண்ணனுக்குத் தைராய்டு, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), கால்சியம் மூன்றும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

புற்றுநோய் மருந்துகளில் டாக்ஸோரூபிசின் குழுவைச் சேர்ந்தவற்றின் பாதிப்பு மொத்தமாக உடலில் ஏறிய அளவைப் பொறுத்தது. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழித்தும் அது வெளிப்படலாம். சிறு வயதில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவர் முப்பது வயதில் மூச்சிரைப்போடு வந்தால், அந்தப் பழைய கோப்பைத் தேடி எடுக்க வேண்டும். டிராஸ்டுசுமாப் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து தரும் பாதிப்பு வேறு மாதிரி. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிரசவத்தோடு வரும் வகையைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறவிடுவது மிக எளிது. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதங்கள் வரை, அதுவரை இதய நோயே இல்லாத பெண்ணுக்கு இதயம் பலவீனமாகலாம். கால் வீக்கம், அசதி, மூச்சிரைப்பு மூன்றும் அந்தக் காலத்தில் இயல்பாகவே இருப்பவை. 'பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டிலும் சொல்வார்கள், சில சமயம் மருத்துவரும் சொல்லிவிடுவார். பிரசவம் ஆகி வாரங்கள் கடந்த பிறகும் மூச்சிரைப்பு கூடிக்கொண்டே போனாலோ, நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் தூங்க முடிகிறது என்றாலோ, அன்றே எக்கோ எடுக்க வேண்டும். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் பாதிக்கு மேற்பட்டோர் தேறிவிடுகிறார்கள். அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரும் ஆபத்து உண்டு. அதைப் பற்றிக் கணவன் மனைவி இருவரிடமும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

எக்கோ பார்ப்பவனாக எனக்கு மனநிறைவு தரும் காரணம் ஒன்று இருக்கிறது: வேகத் துடிப்பு. மேலறை ஒழுங்கற்றுத் துடித்து, கீழறை நிமிடத்துக்கு 130, 140 என்று வாரக்கணக்கில் ஓடினால் நல்ல தசையும் களைத்து விரிந்துவிடும். கீழறையிலிருந்து வரும் தப்புத் துடிப்புகளும் அப்படியே. ஒரு நாளில் இதயம் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதில் பத்தாயிரத்துக்கு மேல் தப்புத் துடிப்பாக இருந்தால் சிலருக்கு இதயம் பலவீனமாகலாம். துடிப்பை மருந்தாலோ, கதிரலை மூலம் அந்த இடத்தைச் சுட்டோ ஒழுங்குபடுத்தினால், சில மாதங்களில் அதே இதயம் இயல்பாகச் சுருங்குவதைத் திரையில் பார்க்கலாம். ஆகவே துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

அடுத்தது தசை தடிக்கும் வகை, ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அரிய நோய் என்று சொல்ல முடியாது. 1958இல் லண்டனைச் சேர்ந்த நோயியல் மருத்துவர் டொனால்ட் டியர், பெரும்பாலும் திடீரென்று இறந்துபோன இளைஞர்களின் இதயங்களைப் பரிசோதித்து, நடுச்சுவர் மட்டும் தாறுமாறாகத் தடித்திருப்பதை விவரித்தார். நுண்நோக்கியில் தசை அணுக்கள் வரிசை குலைந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. காரணம் பெரும்பாலும் மரபணுதான். தசையைச் சுருங்கவைக்கும் மயோசின் புரதம், அதைக் கட்டுப்படுத்தும் மயோசின் இணைப்புப் புரதம் சி ஆகிய இரண்டின் மரபணுக்களில்தான் அதிகமாகக் கோளாறு காணப்படுகிறது. இங்கே இதயம் வலுக் குறைந்து இல்லை. அளவுக்கு மீறிச் சுருங்குகிறது, ஆனால் தளரத் தெரியவில்லை. எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 70, 75 என்று வரும். எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது.

இயல்பான நடுச்சுவர் ஏறக்குறைய 6 முதல் 11 மில்லிமீட்டர். வேறு காரணமின்றி 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் இந்த நோயை நினைக்கிறோம். நோயாளியின் நெருங்கிய ரத்த உறவினருக்கு 13 போதும். பரிசோதனையின்போது திரையில் நடப்பதைச் சொல்கிறேன். தடித்த சுவர் மகாதமனிக்குப் போகும் வழியைக் குறுக்கிவிட்டிருக்கும். இதயம் சுருங்கும் நேரத்தில் மிட்ரல் வால்வின் இதழ் பின்னால் இருக்க வேண்டியது, முன்னால் இழுபட்டு அந்தச் சுவரில் போய் ஒட்டும். சாதாரணமாகப் படுத்திருக்கையில் ரத்தத்தின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் இருக்கும். அழுத்த வித்தியாசம் 16 மில்லிமீட்டர் பாதரசம். 'மூச்சை அடக்கி வயிற்றை முக்குங்கள்' என்போம். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து அறை சுருங்கியதும் வேகம் 4 மீட்டருக்கு ஏறும். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகிறது: 64. 50ஐத் தாண்டினால் சிகிச்சையைத் தீவிரப்படுத்த வேண்டிய நிலை. படுத்திருக்கும்போது மட்டும் அளந்து 'தடை இல்லை' என்று எழுதிய அறிக்கை இந்த நோயில் முழுமையான அறிக்கை அல்ல.

இதிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய ஒன்று கிடைக்கிறது. அறையைச் சுருங்கவைக்கும் எதுவும் இவர்களுக்கு ஆகாது: உடலில் நீர் வற்றுவது, அளவுக்கு மீறிய நீர் பிரிப்பு மாத்திரை, ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மருந்துகள். நெஞ்சு வலிக்கிறது என்று நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வைத்தால், தடை கூடி மயங்கி விழலாம். மாரடைப்பு நோயாளிக்கு உதவுவது இங்கே கேடாக முடிகிறது. இவர்களுக்கு உதவுபவை துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர், வெரபமில் போன்றவை. மயோசினின் மிகை வேலையையே குறைக்கும் மாவாகாம்டன் என்ற மருந்துக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து போதாவிட்டால் தடித்த தசையை அறுவை செய்து செதுக்கி எடுக்கலாம், அல்லது அந்தப் பகுதிக்குப் போகும் சிறு ரத்தக் குழாயில் ஆல்கஹால் செலுத்தித் தசையை மெலியவைக்கலாம். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் இயல்பான ஆயுளோடு வாழ்கிறார்கள். திடீர் மரண ஆபத்து ஒரு சிலருக்கே உண்டு. அவர்களைப் பிரித்தெடுக்க உதவுவது மயக்கம் வந்த வரலாறு, குடும்பத்தில் இளவயது மரணம், 30 மில்லிமீட்டரைத் தொடும் தடிமன், எம்ஆர்ஐயில் தெரியும் வடு போன்றவை. ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழும் பிள்ளைக்குச் 'சாப்பிடாமல் போயிருப்பான்' என்று விளக்கம் சொல்லாதீர்கள். உழைப்பின்போது வரும் மயக்கம் இதயத்தில் கோளாறு இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை இதயத்தினுடையதுதான்.

தெற்காசிய மரபினரில் சுமார் 4 சதவீதத்தினரிடம், மயோசின் இணைப்புப் புரதம் சி மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் இருப்பது 2009இல் வெளியான ஆய்வில் தெரிய வந்தது. இதைப் படித்துவிட்டு அச்சப்பட்டு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்த மாற்றம் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் இல்லை. எக்கோ இயல்பாக இருந்தால் அதை மட்டும் வைத்துக் கலங்க வேண்டியதில்லை.

துடிப்பைக் குலைக்கும் வகை இன்னும் அரிது. தசை அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் புரதங்களில் பிழை. பிணைப்பு விட்டுப்போகும் இடத்தில் தசை மறைந்து கொழுப்பும் நாரும் குடியேறுகின்றன. வலது கீழறையில்தான் இது பெரும்பாலும் தொடங்கும். கிரேக்கத் தீவான நாக்ஸோஸில் சில குடும்பங்களில் உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடித்து, முடி கம்பளிபோலச் சுருண்டிருந்தவர்களுக்கு இந்த இதய நோயும் இருந்தது. தோலிலும் இதயத்திலும் ஒரே பிணைப்புப் புரதம் இருப்பதுதான் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. கடும் உடற்பயிற்சி இந்த நோயை முடுக்கிவிடுகிறது; பிணைப்பு பலவீனமான தசை இழுபட இழுபட அறுகிறது. நோய் உறுதியானால் போட்டி விளையாட்டை விட்டுவிடச் சொல்வோம். இருபது வயது விளையாட்டு வீரரிடம் அதைச் சொல்வது எளிதல்ல. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

விறைத்துப்போகும் வகையில் இதயம் விரிவதில்லை, சுருங்குவதும் ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆனால் ரத்தத்தை வாங்கிக்கொள்ள இடம் கொடுப்பதில்லை. கீழறைகள் சிறியதாகவும் மேலறைகள் பெரிதாகவும் தெரியும். இதில் நாங்கள் முக்கியமாகத் தேடுவது அமிலாய்டு. தவறாக மடிந்த புரதம் தசையின் இடையிடையே படிந்துபோவது அது. எக்கோவில் சுவர் தடித்திருக்கும், ஈசிஜியில் அலைகளோ குட்டையாக இருக்கும். தசையே தடித்திருந்தால் ஈசிஜி அலைகள் உயரமாகத்தானே இருக்க வேண்டும்? இந்த முரண்பாட்டைக் கண்டால் உடனே நோயாளியின் மணிக்கட்டுகளைப் பார்ப்பேன். விரல் மரத்துப்போகிறது என்று இரண்டு கைகளிலும் மணிக்கட்டு நரம்புக்கு அறுவைச் சிகிச்சை செய்த தழும்பு இருந்தால், சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். அதே புரதம் இதயத்தில் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மணிக்கட்டில் படிந்திருக்கிறது. டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் படிவதால் முதியவர்களுக்கு வரும் வகையைச் சிறப்பு ஐசோடோப்பு ஸ்கேனில் காணலாம். 2019இலிருந்து டஃபாமிடிஸ் என்ற மருந்தும் வந்திருக்கிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இன்னொரு வகைக்கு வேறு சிகிச்சை, அது அவசரமானது. அதனால் ஸ்கேனோடு ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளும் சேர்ந்தே நடக்க வேண்டும். சார்கோய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் உருவாகும் நோய்), இரும்புத் தேக்கம், நெஞ்சுக்குக் கொடுத்த கதிர்வீச்சு, வெப்ப மண்டல நாடுகளில் காணப்படும் இதய உள்ளுறை நார்த்தடிப்பு ஆகியவையும் இதயத்தை விறைக்கவைக்கும். இதயத்தைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகினாலும் இதே அறிகுறிகள்தான் வரும். அதை அறுவைச் சிகிச்சையால் சரிசெய்துவிடலாம். அந்த வாய்ப்பை விலக்காமல் 'விறைத்த இதயம்' என்று முத்திரை குத்துவது பெரும் பிழை.

தாக்கோட்சுபோ என்ற தற்காலிக இதயத் தளர்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேரிழப்பு, பெரும் அதிர்ச்சி, கடுமையான உடல் நோய் இவற்றை அடுத்து, மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்கு அதிகமாக வருவது. நெஞ்சு வலி, ஈசிஜி மாற்றம் எல்லாம் மாரடைப்பு போலவே இருக்கும். ஆஞ்சியோகிராமில் அதற்கேற்ற அடைப்பு இருக்காது. இதயத்தின் நுனி மட்டும் உப்பி, ஜப்பானிய மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்க வைக்கும் குறுகிய கழுத்துள்ள பானைபோலத் தெரியும். ஹிரோஷிமாவைச் சேர்ந்த மருத்துவர்கள் 1990இல் இதை விவரித்தார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தசை மீண்டுவிடும், ஆனால் முதல் சில நாள்கள் உயிருக்கே ஆபத்தானவை. ஐரோப்பிய வழிகாட்டுதல் இதைத் தன் ஐந்து வகைகளில் சேர்க்கவில்லை. உள்சுவர் பஞ்சுபோல இருக்கும் 'நான்காம்பேக்‌ஷன்' என்ற தோற்றத்தையும் தனி நோயாகக் கொள்ளவில்லை. உங்கள் அறிக்கையில் அந்தச் சொல் இருந்தால் இதயம் சுருங்கும் வலுவைப் பாருங்கள், சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

உங்கள் அண்ணனுக்கு வருவோம். ரத்தப் பரிசோதனைகளும் ஹோல்டரும் முடிந்த பின் இதய எம்ஆர்ஐ எடுக்க முடிந்தால் எடுக்கச் சொல்லுங்கள். வடு இருக்கிறதா, எந்த இடத்தில், எந்த வடிவில் என்பது பழைய அழற்சியா, மரபணுவா, சார்கோய்டோசிஸா என்று துப்புக் கொடுக்கும். தாத்தா பாட்டி வரை மூன்று தலைமுறையைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: யார் இளவயதில் இறந்தார், யாருக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள், யார் நீரில் மூழ்கியோ வாகனம் ஓட்டும்போதோ காரணமின்றி இறந்தார். 'ஹார்ட் அட்டாக்' என்று குடும்பத்தில் சொல்லப்படும் மரணங்கள் எல்லாம் மாரடைப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை.

காரணத்தைத் தேடும் காலத்திலும் மருந்து நிற்கக் கூடாது. இன்று நான்கு குழு மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள்: சாகுபிட்ரில் வால்சார்டான் அல்லது ராமிபிரில் போன்றவை, பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன் வகை, டாபாகிளிஃப்ளோசின் வகை. கடைசியாகச் சொன்னது சர்க்கரை நோய் மருந்தாக வந்தது என்பதால் 'எனக்குத்தான் சர்க்கரை இல்லையே' என்று அதை மட்டும் ஒதுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். இதயத்துக்காகவே அது தரப்படுகிறது. முழு மருந்தும் குறைந்தது மூன்று மாதம் எடுத்த பிறகும் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 35 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அதிர்வுக் கருவியைப் பற்றி மருத்துவர் பேசுவார். எண் 55க்கு ஏறிவிட்டாலும் தானாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பிரிட்டனில் நடந்த டிரெட் எச்எஃப் ஆய்வில், முழுமையாகத் தேறிய விரிவடைந்த இதய நோயாளிகள் 51 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் மருத்துவர் கண்காணிப்பிலேயே மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் அவர்களில் 44 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை.

கடைசியாக, உங்களுக்கும் வருமா என்ற கேள்வி. குடும்ப வழி இதயத் தசை நோய்களில் பெரும்பாலானவை, பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புடன் கடக்கும் வகையைச் சேர்ந்தவை. ஆகவே அண்ணனுக்குத் தெளிவான வேறு காரணம் கிடைக்காத வரை, அவரது பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் அனைவரும் அறிகுறி இல்லாவிட்டாலும் ஈசிஜியும் எக்கோவும் எடுக்க வேண்டும். இன்று இயல்பாக இருந்தால் அதோடு விடக் கூடாது. சிறுவர்களுக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். மரபணுப் பரிசோதனையை முதலில் அண்ணனுக்கே செய்ய வேண்டும், உங்களுக்கு அல்ல. அவரிடம் நோய்க்குக் காரணமான மாற்றம் உறுதியாகத் தெரிந்தால், அந்த ஒரே இடத்தை உங்களிடம் தேடிப் பார்ப்பது எளிது. அது உங்களிடம் இல்லை என்றால், உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தத் தொடர் பரிசோதனைகள் தேவையில்லை. அவரிடமே எதுவும் அகப்படவில்லை என்றால், எக்கோவை மேலே சொன்ன இடைவெளியில் தொடருங்கள்.